ஏறி இறங்கும் எஞ்சின்

மோட்டார் வண்டிகளோடு பழகியவர்கள் ஒரு நோயை நன்கு அறிவார்கள். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, ஓட்டுபவர் எந்த மிதியிலும் காலை வைக்கவில்லை. அப்படியிருந்தும் எஞ்சின் ஒரு நிலையில் நில்லாது. உறுமிக்கொண்டு எழும்பும், எழும்பிய வேகத்தில், அணைந்துவிடுமோ என்று அஞ்சும்படி தாழும், தாழ்ந்தது மீண்டும் எழும்பும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினால், இந்த ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஒரே கால இடைவெளியில் நிகழ்வதைக் காணலாம். பட்டறைக்காரர்கள், "எஞ்சின் ஏறி இறங்குது" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். ஆங்கிலப் பொறியியலார் இதற்கு வேட்டையாடுதல் என்று பொருள்படும் ஒரு சொல்லை வழங்குகின்றனர். எஞ்சின் தனக்குரிய வேகத்தைத் தேடி இங்குமங்கும் அலைகிறதாம்! நல்ல சொல்லென்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க நாட்டில், முப்பது நாற்பது ஆண்டு உழைத்த 'பிக்கப்' என்னும் சிறு சுமை வண்டிகளில் இந்நோய் மிகுதி. 1925-ஆம் ஆண்டில் போர்டு கம்பெனியார் தம்முடைய 'டி' மாடல் வண்டியின் பின்புறத்தில் ஒரு திறந்த பெட்டியைப் பொருத்தி, ஆலையிலிருந்தே விற்பனைக்கு அனுப்பினர். அன்றுதொட்டு, வைக்கோல் ஏற்றும் குடியானவருக்கும் பலகை ஏற்றும் தச்சருக்கும் அது பிழைப்புக்கான கருவியாயிற்று. அத்தகைய ஒருவர் ஏறி இறங்கும் எஞ்சினோடு பட்டறைக்கு வந்தால் என்ன நேர்கிறது? பெரும்பாலும் ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள். நோய் தீர்வதில்லை. இன்னொன்றை மாற்றுகிறார்கள். மூன்றாவதும் நான்காவதும் மாறுகின்றன. மாதச் சம்பாத்தியம் கரைகிறது. எஞ்சினோ முன்போலவே எழுந்து தாழ்ந்துகொண்டிருக்கிறது. கழற்றி எறிந்த பாகங்களைச் சோதித்துப் பார்த்தால் அவை யாவும் நல்ல நிலையிலேயே இருக்கக்கூடும்!

பாகங்கள் அனைத்தும் நலமாக இருக்க, முழு இயந்திரம் மட்டும் நோயுற்றிருக்க முடியுமா? முடியும். இதனை மனிதர் உணர்ந்துகொள்வதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறாண்டுக் கதையைத்தான் இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன். கதை தொடங்குமிடம் மோட்டார்ப் பட்டறையன்று. லண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கரையில் இருந்த ஒரு மாவு ஆலை.

ஆல்பியன் ஆலை என்று அதற்குப் பெயர். 1786-இல் வேலை தொடங்கிய அவ்வாலையில் ஜேம்ஸ் வாட், மாத்யூ போல்ட்டன் என்னும் கூட்டாளிகளின் நீராவி இயந்திரங்கள் மாவரைக்கும் கற்களைச் சுழற்றின. 1788-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆலையைக் கண்டுவந்த போல்ட்டன், தாம் அங்கே பார்த்த ஒரு சிறு கருவியைப் பற்றி வாட்டுக்குக் கடிதம் எழுதினார். அரைக்கும் கற்களுக்கு இடையே உள்ள அழுத்தத்தைச் சீராக வைப்பதற்காக, சுழலும்போது வெளிநோக்கி விலகும் எடைகளை அங்கே பயன்படுத்தியிருந்தார்கள். காற்றாலைக்காரர்களுக்கு இது புதிதன்று. தாமஸ் மீட் என்பவர் 1787-லேயே இவ்வகைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வாட் செய்தது, இதனை நீராவி இயந்திரத்தோடு இணைத்ததே. நம் பாடநூல்கள் சிலவற்றில் வாட் இக்கருவியை வெறும் சிந்தனையிலிருந்து படைத்ததுபோல் எழுதியிருக்கிறார்கள். அவரே அப்படி உரிமை கொண்டாடவில்லை. இதற்குக் காப்புரிமை கோரவுமில்லை. மூலம் பிறருடையது என்று ஒப்புக்கொள்வதால் வாட்டின் பெருமை சிறிதும் குறைந்துவிடாது. அவ்வாண்டில் போல்ட்டனுடைய சோஹோ தொழிற்சாலைக்காகச் செய்யப்பட்ட இயந்திரத்தை, அதன் கவர்னர் கருவியோடு, லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சி சாலையில் இன்றும் காணலாம்.

கருவியின் அமைப்பு மிக எளியது. செங்குத்தான ஒரு தண்டு. அதன் உச்சியிலிருந்து இரு புறமும் தொங்கும் இரண்டு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஓர் இரும்புக் குண்டு. இயந்திரம் சுழலும்போது தண்டும் சுழலும். ராட்டினத்தில் அமர்ந்திருப்பவர்கள் வெளிப்புறமாக வீசப்படுவதுபோல, வேகம் கூடக்கூடக் குண்டுகள் விலகி உயரும். அப்படி உயரும்போது ஒரு நெம்புகோலை இழுத்து, நீராவி வரும் குழாயின் கதவைச் சிறிது மூடும். நீராவி குறைந்தால் வேகம் தணியும்; வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும்; தாழ்ந்தால் கதவு திறக்கும். இயந்திரம் தன் வேகத்தைத் தானே உணர்ந்து தானே திருத்திக்கொள்கிறது. அருகே ஆள் நின்று பார்க்கவேண்டிய தேவையில்லை. இயற்கை நூலறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 1858-இல் உயிரினங்களின் பரிணாமத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், இயற்கைத் தேர்வின் செயலை விளக்குவதற்கு இந்தக் குண்டுகளையே உவமையாக எடுத்தாண்டார் என்றால், அக்காலத்து மக்களின் மனத்தை இக்கருவி எவ்வளவு கவர்ந்திருந்தது என்பதை உணரலாம்.

ஆரம்ப நாட்களில் கவர்னர் பெரும் தொல்லை தரவில்லை. பின்னர்தான் வினோதம் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வளர வளரக் கடைசல் இயந்திரங்கள் மேம்பட்டன. அச்சுகள் வழவழப்பாகக் கடையப்பட்டன; மூட்டுகளில் உராய்வு குறைந்தது; வேகத்தில் சிறு மாறுதல் ஏற்பட்டாலும் உணர்ந்து செயல்படும் நுட்பமான கவர்னர்கள் வந்தன. தொழில் நயம் உயர்ந்தால் இயந்திரமும் சீராக ஓடவேண்டுமல்லவா? சில இடங்களில் மாறாக நிகழ்ந்தது. முரட்டுக் கருவியோடு அமைதியாக ஓடிய இயந்திரம், நுட்பமான கருவியோடு ஏறி இறங்கத் தொடங்கியது.

காரணம் என்ன? பாதி உறக்கத்தில் மாட்டுவண்டி ஓட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி இடப்புறம் ஒதுங்குகிறது. அவர் அதைச் சற்றுத் தாமதமாக உணர்ந்து, திடுக்கிட்டு, கயிற்றை வலப்புறம் பலமாக இழுக்கிறார். மாடுகள் திரும்பிவிட்டன என்பதும் அவருக்குத் தாமதமாகவே தெரிகிறது. அதற்குள் வண்டி வலப்புறம் ஓரம் தட்டிவிடுகிறது. உடனே இடப்புறம் இழுக்கிறார். கயிறும் நல்ல கயிறு, மாடுகளும் நல்ல மாடுகள், ஓட்டுபவருக்கும் வழி தெரியும். ஆயினும் வண்டி பாம்புபோல் நெளிகிறது. தாமதமும் மிகையான திருத்தமும் ஒன்றுசேர்ந்தால் விளைவது இதுவே. நீராவி இயந்திரத்தில் தாமதத்திற்குக் குறைவில்லை. கதவு மூடிய பின்னும் கனமான சக்கரம் தன் உந்தத்தால் சுழன்றுகொண்டிருக்கும். குண்டுகளும் தம் எடையினால், நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்றே திரும்பும். பழைய கருவியின் முரட்டு உராய்வு, இந்தத் தாண்டலை ஓரளவு தடுத்து வைத்திருந்தது. குறை என்று எண்ணி நீக்கிய உராய்வே அதுவரை நோயைத் தடுத்துவந்த மருந்து என்பதை அன்று யார் கண்டார்?

முதலில் இதனைக் கணிதத்தால் அளக்க முயன்றவர் ஆலைக்காரர் அல்லர், வானநூலார். கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஏரி என்பார், விண்மீனைத் தொடர்ந்து செல்லும்படி தொலைநோக்கியைச் சீராகத் திருப்பவேண்டியிருந்தது. அதற்கான கடிகார இயந்திரத்தில் கவர்னரை வைத்துப் பார்த்தார். அது சீராக ஓடுவதை விட்டு, மதம் கொண்ட யானைபோல் கட்டுமீறிற்று. 1840-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி ஒன்று நிலைகுலைவது ஏன் என்பதை வகைக்கெழுச் சமன்பாடுகளால் ஆராய்ந்த முதல் முயற்சிகளுள் தலையாயது.

அடுத்து வருபவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்காந்த அலைக் கொள்கையால் இவரை நீங்கள் அறிவீர்கள். 1860-களின் முற்பகுதியில், மின்தடையின் அலகாகிய 'ஓம்' என்பதை நிர்ணயிக்கும் பரிசோதனை லண்டன் கிங்ஸ் கல்லூரியில் நடைபெற்றது. ஒரு கம்பிச் சுருளை மாறாத வேகத்தில் சுழற்றவேண்டும். வேகம் சற்றுப் பிசகினாலும் அளவு பிசகிவிடும். அதற்காக பிளீமிங் ஜென்கின் என்ற பொறியியலார் ஒரு கவர்னரை அமைத்தார். அவர்களோடு உழைத்த மாக்ஸ்வெல்லின் உள்ளத்தில் அக்கருவி ஒரு கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும். 1868-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 'கவர்னர்களைப் பற்றி' என்ற பொருள்படும் தலைப்பில், ராயல் சொசைட்டியின் முன் அவருடைய கட்டுரை படிக்கப்பட்டது.

இயந்திரத்தின் சீரான ஓட்டத்தை ஒருவர் சிறிது கலைத்துவிடுகிறார் என்று கொள்வோம். அந்தக் கலக்கம் நான்கு வழிகளில் ஒன்றில்தான் செல்லமுடியும் என்றார் மாக்ஸ்வெல். ஒரே திசையில் பெருகிக்கொண்டே போகலாம். ஒரே திசையில் தேய்ந்து மறையலாம். ஊசல்போல் ஆடிக்கொண்டே பெருகலாம். ஆடிக்கொண்டே தணியலாம். இவற்றுள் எது நிகழும் என்பதை இயந்திரத்தின் அருகே காத்திருந்து காணவேண்டியதில்லை; அதன் சமன்பாட்டின் மூலங்களிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. சமன்பாடு மூன்றாம் படியுடையதாக இருந்தால் விதி எளிது. முதற் குணகம் ஒன்று எனக் கொண்டால், எஞ்சிய மூன்றும் நேர் எண்களாக இருக்கவேண்டும். அவற்றுள் முன்னிரண்டையும் பெருக்கிவரும் தொகை, கடைசி எண்ணைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். அவ்வாறாயின் கலக்கம் தணியும். இல்லையேல் தணியாது. கல்லூரி மாணவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்து இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். இவ்விதியில் எந்தத் தனிப் பாகத்தின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். குண்டின் எடை, உராய்வு, சக்கரத்தின் உந்தம், கதவின் திறப்பு ஆகியவை ஒன்றோடொன்று கொண்ட உறவே பேசுகிறது.

மேலும் உயர்ந்த படிச் சமன்பாடுகளுக்குப் பொதுவான விதியை மாக்ஸ்வெல்லால் காணமுடியவில்லை. அதனைக் கண்டவர் எட்வர்ட் ரவுத். கேம்பிரிட்ஜில் 1854-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் ரவுத் முதலாவது, மாக்ஸ்வெல் இரண்டாவது! இயக்கத்தின் நிலைப்பாடு பற்றி ரவுத் எழுதிய நூல் 1877-இல் ஆடம்ஸ் பரிசைப் பெற்றது. மாணவப் பருவத்துப் போட்டி, இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அறிவுலகத்திற்கு ஆதாயமாக முடிந்தது எனலாம்.

கணிதம் ஒருபுறம் வளர, அதனைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்றவர் ருஷ்ய நாட்டவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியரான இவான் விஷ்னெகிராட்ஸ்கி 1876-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இயந்திரம் செய்வோர் நேரே எடுத்துப் பயன்படுத்தும்படி அமைந்தது. ஊசலாட்டத்தைத் தணிக்கும் ஒரு தடை இல்லாமல் கவர்னர் நிலைபெறாது என்றும், சுமை மாறும்போது வேகத்தில் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளாத கவர்னரும் நிலைபெறாது என்றும் அவர் காட்டினார். எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் தடித்து நகரும் ஒரு தட்டினால் அந்தத் தடையை வேண்டிய அளவு உண்டாக்கிக்கொள்ளலாம். பேராசிரியர் பின்னர் 1887-இல் ருஷ்யப் பேரரசின் நிதித்துறைப் பொறுப்பை ஏற்றார் என்பது வேறு கதை. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்து ஆரல் ஸ்டோடோலா, நீர்ச்சக்கரங்களின் கட்டுப்பாட்டை ஆராய்ந்தபோது ஏழாம் படிச் சமன்பாடு ஒன்றில் சிக்கிக்கொண்டார். அவர் தம்மோடு பணியாற்றிய கணித அறிஞர் அடால்ப் ஹூர்விட்ஸை அணுக, 1895-இல் ஹூர்விட்ஸ், ரவுத்தின் விதியையே வேறொரு வடிவில் தாமாகக் கண்டார்.

இனி பிக்கப் வண்டிக்கு வருவோம். கார்புரேட்டர் பூட்டிய பழைய வண்டிகளில் குண்டுக் கவர்னரைக் காணமாட்டீர்கள். வேகத்தை ஓட்டுபவரின் காலே ஆளுகிறது. ஆயினும் வாட்டின் குண்டுகள் அங்கே வேறோர் உருவில் ஒளிந்திருக்கின்றன. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாருங்கள். அதனுள் இரண்டு சிறு எடைகளும் அவற்றைப் பிடித்திழுக்கும் சுருள்வில்களும் இருக்கும். வேகம் கூடினால் எடைகள் விலகி, தீப்பொறியை முன்கூட்டியே வரச்செய்யும். அது உயர்ந்த வேகத்தில் தேவையானது. ஆண்டுகள் பல சென்று சுருள்வில்கள் தளர்ந்துவிட்டால், நின்ற நிலையின் குறைந்த வேகத்திலேயே எடைகள் விலகத் தொடங்குகின்றன. பொறி முந்துகிறது, அதனால் வேகம் கூடுகிறது, வேகம் கூடியதால் பொறி இன்னும் முந்துகிறது. வாட்டின் கருவி வேகத்தை அடக்கிற்று. இதுவோ ஏறும் வேகத்தை மேலும் தூண்டிவிடுகிறது, இறங்கும் வேகத்தை மேலும் அழுத்துகிறது. அறிந்த பழுதுபார்ப்பவர் கார்புரேட்டரைக் கழற்றுமுன், வெற்றிடக் குழாயைப் பிரித்து அடைத்துவிட்டு, பொறியோடு மின்னும் விளக்கை எஞ்சினின் முன்சக்கரக் குறியின்மேல் காட்டுவார். நின்ற வேகத்தில் குறி முன்னும் பின்னும் அலைந்தால் வில்களை ஐயுறுவார்.

குறி அசையவில்லையா? அப்படியானால் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதத்தைப் பார்க்கவேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். உறிஞ்சு குழாயின் இணைப்புத் தகடு வெடித்தோ, ரப்பர்க் குழாய் பிளந்தோ, கணக்கில் வராத காற்று உட்புகுந்தால் கலவை மெலிகிறது. மெலிந்த கலவை ஒரு முறை எரியும், ஒரு முறை எரியாது. சோக் தகட்டைச் சற்றே மூடிப்பார்ப்பது பழைய சோதனை. அப்போது எஞ்சின் அமைதியடைந்தால் கலவை மெலிந்திருக்கிறது என்பது உறுதி. செலவில்லாத இச்சோதனையை விட்டுவிட்டுப் புதுக் கார்புரேட்டர் வாங்கச் சொல்பவர்களை நான் நல்ல தொழிலாளர் என்று மதிப்பதில்லை. ஓட்டத்தில் மட்டும் வண்டி முன்னும் பின்னும் உந்துவதாக உணர்ந்தால் பெட்ரோல் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். தானியங்கிக் கியர் உள்ள வண்டியாயின் பிரேக்கை மெல்லத் தொட்டுப்பாருங்கள். உந்தல் அக்கணமே நின்றால், குற்றம் எஞ்சினுடையதன்று. கியர்ப் பெட்டியின் பூட்டுப்பிடி மாறிமாறிப் பிடித்து விடுகிறது.

1980-களில் பிக்கப் வண்டிகளிலும் கார்புரேட்டர் மறைந்து, கம்ப்யூட்டர் ஆளும் பெட்ரோல் பீச்சுகுழல்கள் வந்தன. கவர்னர் மறுபடியும் அரியணை ஏறிற்று. இம்முறை குண்டுகள் இல்லாமல். நின்ற நிலையில் கம்ப்யூட்டர் ஒரு சிறு காற்றுவால்வைத் திறந்தும் மூடியும் வேகத்தைக் காக்கிறது. எங்கோ ஒரு குழாய் பிளந்து மிகுதியான காற்று புகுகிறது என்று கொள்வோம். வேகம் உயர்கிறது. கம்ப்யூட்டர் வால்வை முழுதும் மூடுகிறது, பயனில்லை. மிதியில் கால் இல்லை, வேகமோ அதிகம். ஆகவே வண்டி சரிவில் உருண்டு இறங்குகிறது என்று அது முடிவுசெய்து, பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் சரிகிறது. ஓர் எல்லைக்குக் கீழே வந்ததும் எஞ்சின் அணைந்துவிடாதபடி பெட்ரோலை மறுபடி விடுகிறது. வேகம் மீண்டும் பாய்கிறது. சுற்று தொடர்கிறது. இங்கே வால்வும் நல்லது, பீச்சுகுழலும் நல்லது, கம்ப்யூட்டரும் தனக்கிட்ட கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றுகிறது! இவற்றில் எதை மாற்றினாலும் நோய் நீங்காது. குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்துப் பார்த்து, எதை அடைத்தபோது ஆட்டம் அடங்குகிறது என்று கவனிப்பவரே நோயைக் காண்பார்.

இன்னொரு ஊசலாட்டத்தையும் நான் சொல்லியாக வேண்டும், அது நோயன்று. புகைபோக்கியில் எஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவியை ஜெர்மானிய பாஷ் கம்பெனியார் செய்ய, அது 1976-இல் வால்வோ வண்டிகளில் முதன்முதல் பொருத்தப்பட்டது. அமெரிக்கா 1970-இல் இயற்றிய தூய காற்றுச் சட்டமே அதற்குத் தூண்டுகோல். இக்கருவி கலவை செறிந்ததா மெலிந்ததா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. எனவே கம்ப்யூட்டர் சிறிது செறிவாக்கும், 'செறிவு' என்று செய்தி வந்ததும் மெலிவாக்கும், 'மெலிவு' என்றதும் மீண்டும் செறிவாக்கும். சூடேறிய எஞ்சினில் இவ்வாட்டம் ஓயாமல் நிகழ்கிறது. மிக விரைவாகவும் சிறிதாகவும் இருப்பதால் காதுக்கு எட்டுவதில்லை. வோல்ட்டு மானியை இணைத்தால் முள் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மாறிமாறி அசைவதைக் காணலாம். முள் அடிமட்டத்திலேயே அசையாது கிடந்தால், உடனே கருவியைக் கழற்றி எறியவேண்டாம். உறிஞ்சு குழாயில் சிறிது எரிவாயுவைச் செலுத்திக் கலவையைச் செறிவாக்கிப் பாருங்கள். முள் எழும்பினால் கருவிக்கு உயிர் இருக்கிறது. காற்று ஒழுகும் இடத்தைத் தேடவேண்டும். எழும்பாவிட்டால்தான் புதிய கருவிக்குப் பணம் செலவிடலாம்.